பாப்-அப் ட்ரெய்லருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

ஆஸ்டின்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. போன வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இருப்பது 2004 மாடல் பாப்-அப் ட்ரெய்லர். கிராங்க் சுற்றிக் கூரையை ஏற்றி, முன்னும் பின்னும் படுக்கைகளை வெளியே இழுத்து, சுற்றிலும் கேன்வாஸை மாட்ட வேண்டும். மடக்கினால் 12 அடி, விரித்தால் 23 அடி. எங்கள் ஒடிஸி வேன் 3,500 பவுண்டு வரை இழுக்கும். இது அதற்குள் அடங்கிவிடுகிறது. பெரிய ட்ரக் வாங்க வசதியில்லாத குடும்பம் ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டி) வைத்துக்கொள்ள இதைவிட்டால் வேறு வழி குறைவு. ஒரு பெரியவர் 18 வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை வாங்கினேன். கேன்வாஸில் ஒரு பொத்தல் கிடையாது.

ஊரிலிருந்து என் அத்தை (மனைவியின் அம்மா) வந்திருக்கிறார். அவருக்கு மலை, ஆறு காட்டலாம் என்று டெக்சாஸில் எங்கள் ஆஸ்டினுக்கு அருகே ஹில் கன்ட்ரி பக்கம் ஒரு தனியார் ஆர்.வி. பார்க்கில் 2 இரவு புக் பண்ணினேன். அவர்களுடைய பக்கத்தில் வண்டி வகை கேட்டது. மோட்டார் ஹோம், ஃபிஃப்த் வீல் (பிக்கப் ட்ரக்கின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் பெரிய வண்டி), ட்ரெய்லர், இந்த மூன்றுதான் இருந்தன. எங்களுடையது ட்ரெய்லர்தானே என்று அதைத் தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டிவிட்டேன்.

போய்ச் சேர இரவு 8.15 ஆகிவிட்டது. ஆபீஸில் இருந்தவர் டார்ச் அடித்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பாப்-அப் எடுப்பதில்லை" என்றார். நான் புக்கிங்கைக் காட்டினேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைக் காட்டினார். துணிச்சுவர் உள்ள வண்டி, 10 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி, இரண்டுக்கும் அனுமதியில்லை. எங்களுடையது இரண்டிலும் மாட்டியது. ஒரு இரவுக்கான பணத்தைத் தருகிறோம், இன்னொன்று தர முடியாது என்றார்கள். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அத்தை என்னிடம் மெதுவாக, "நம்ம வண்டி பழசா இருக்குன்னு வேண்டாங்கிறாங்களா மாப்ளே?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது? 11 மணிக்கு ஒரு மோட்டலில் போய்ப் படுத்தோம்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா? உண்டென்றால், எதற்காக இந்த விதி? அடுத்த ஜூனில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போக ஆசை. அதற்குள் இருக்கும் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கில் தண்ணீர், கரண்ட், கழிவுநீர் மூன்றும் கிடைக்கும் என்று படித்தேன். அங்கேயும் இதே கதையாகிவிடக் கூடாது.

---

லேன்சிங்_லட்சுமி

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ராத்திரி நேரத்தில் வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இருப்பவரைத் திருப்பி அனுப்ப எப்படி மனம் வந்ததோ.

நாங்கள் மிச்சிகனில் 9 வருடமாகப் பாப்-அப் வைத்திருக்கிறோம். ஸ்டேட் பார்க்கில் ஒருநாள்கூட யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்தத் தொல்லையெல்லாம் தனியார் "ரிசார்ட்" என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில்தான். உங்கள் பக்கம் இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க் இருக்கிறதே, கரண்ட் உள்ள இடங்களும் உண்டு. முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

---

கூடாரக்காரன்

ஆஸ்டின்வாசி, முதலில் அந்த ஃபிஷிங் பிரிட்ஜ் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அங்கே கெட்டிச்சுவர் வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். கூடாரம், பாப்-அப் எதுவும் கூடாது. நீங்கள் படித்ததும் சரிதான், யெல்லோஸ்டோனுக்குள் மூன்று ஹூக்கப்பும் (இணைப்பும்) உள்ள ஒரே இடம் அது. ஆனால் நமக்கில்லை.

உங்களைத் திருப்பி அனுப்பிய பார்க்கின் விதியையும் இதையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள். இங்கே காரணம் கிரிஸ்லி கரடி. ஃபிஷிங் பிரிட்ஜ் இருப்பது யெல்லோஸ்டோன் ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில். ஏரியில் விழும் ஓடைகளில் கட்த்ரோட் டிரவுட் மீன் முட்டையிட ஏறும், அதைத் தின்னக் கரடி வரும். மனிதன் பார்க் கட்டுவதற்கு முன்பே அது கரடியின் சாப்பாட்டு மேசை.

எனக்கு இந்த விஷயத்தில் அழுத்தமான கருத்து உண்டு. காரணத்தைச் சொல்கிறேன். 2010 ஜூலை 28 அதிகாலையில், யெல்லோஸ்டோனின் வடகிழக்கு வாசலுக்கு வெளியே, குக் சிட்டி பக்கத்தில் உள்ள சோடா பியூட் கேம்ப்கிரவுண்டில் ஒரு தாய்க் கரடி 3 குட்டிகளோடு வந்தது. வெவ்வேறு கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைத் தாக்கியது. ஒருவர் இறந்துபோனார், இரண்டு பேருக்குக் காயம். அவர்கள் கரடியைச் சீண்டவில்லை. படுத்துத் தூங்கினார்கள், அவ்வளவுதான். தாய்க் கரடியைப் பிடித்துக் கொன்றார்கள். குட்டிகளைப் பில்லிங்ஸில் உள்ள மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு சோடா பியூட், அதற்குப் பக்கத்தில் உள்ள கோல்ட்டர் இரண்டையும் கெட்டிச்சுவர் வண்டிகளுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள்.

நான் அடுத்த வருடம் அந்த வழியாகப் போனேன். என் பாப்-அப்பின் படுக்கையில் படுத்துக்கொண்டு சுவரை விரலால் தொட்டுப் பார்த்தேன். வெளியே நகம், உள்ளே என் மகளின் கால், நடுவில் ஒரு துணி. பாப்-அப்பில் படுக்கை வண்டியைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். மூன்று பக்கமும் கேன்வாஸ்.

அதனால் கரடி நாட்டில் "துணிச்சுவர் வேண்டாம்" என்று எழுதியிருந்தால் நான் ஒரு வார்த்தை வாதாட மாட்டேன். கிளேசியர் பூங்காவின் மெனி கிளேசியர் கேம்ப்கிரவுண்டில் கரடி நடமாட்டம் கூடினால் சீசன் நடுவிலேயே இந்த விதியைக் கொண்டுவருவார்கள். புக்கிங் இருந்தாலும் மாறித்தான் ஆக வேண்டும். அங்கே போவதானால் ஒரு மாற்று இடத்தையும் கையில் வைத்திருங்கள்.

உங்கள் ஜூன் பயணத்துக்கு மேடிசன் கேம்ப்கிரவுண்டைப் பாருங்கள். மேற்கு வாசலிலிருந்து 14 மைல். ஹூக்கப் கிடையாது, ஆனால் பாப்-அப் தாராளமாக வரலாம்.

---

ஆஸ்டின்வாசி

கூடாரக்காரன் அண்ணா, மிக்க நன்றி. கரடி விஷயம் சுத்தமாகத் தெரியாது. தெரியாமல் ஃபிஷிங் பிரிட்ஜ் வாசல்வரை போயிருந்தால் நான் அங்கேயும் சண்டைக்கு நின்றிருப்பேன்.

ஆனால் ஹில் கன்ட்ரியில் கிரிஸ்லி கிடையாதே. அங்கே எதற்கு?

---

செங்காந்தள்

அங்கே கரடி இல்லை, கௌரவம் இருக்கிறது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பாப்-அப் ஆர்.வி. இல்லை என்று சிலர் நம் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் நாங்கள் கேட்ட பேச்சு இது. அந்த மாநிலத்தின் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் 18010-ஆம் பிரிவை எடுத்துப் படித்தால், ஆர்.வி. என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே மோட்டார் ஹோம், டிராவல் ட்ரெய்லர், டிரக் கேம்பரோடு கேம்பிங் ட்ரெய்லரும் (நம்முடையதுபோல மடங்கும் வண்டி) இருக்கிறது. மத்திய வீட்டுவசதித் துறையின் விதியும் அப்படித்தான்: தொழிற்சாலையில் கட்டிய வண்டி, நிரந்தர வீடாக இல்லாமல் பொழுதுபோக்குக்கு மட்டுமானது. நம்முடைய வண்டி இதில் எங்கே தவறுகிறது? நாமும் நம்பர் பிளேட்டுக்குப் பணம் கட்டுகிறோம், இன்சூரன்ஸ் கட்டுகிறோம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் இதைப் படித்ததும் என் கணவர் முதலில் கேட்ட கேள்வி இது. வண்டியைப் பார்த்து வேண்டாம் என்றார்களா, உங்களைப் பார்த்தா?

---

ஆஸ்டின்வாசி

எனக்கும் அந்தச் சந்தேகம் ஒரு நிமிடம் வந்தது. ஆனால் விதி அச்சடித்து ஒட்டியிருந்தது, தாள் பழுப்பேறிப்போயிருந்தது. எனக்காக எழுதியதில்லை. அந்த மனிதரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. மோட்டலுக்கு வழி சொன்னவரே அவர்தான். அதனால் அப்படி நினைக்கவில்லை.

---

பாலாற்றங்கரை

சட்டம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து யாரையும் தங்குமிடத்தில் மறுக்கக் கூடாது என்று 1964-ஆம் வருட சிவில் உரிமைச் சட்டத்தின் 2-ஆம் பகுதி சொல்கிறது. வண்டியின் வகையோ வயதோ அந்தப் பட்டியலில் இல்லை. எனவே தனியார் இடத்துக்காரர் பாப்-அப் வேண்டாம் என்று விதி வைக்கலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். ஒரு குடும்பத்துப் பாப்-அப்பை உள்ளே விட்டுவிட்டு அடுத்த குடும்பத்துக்குச் சுவரைக் காட்டினால் அது வேறு விஷயம்.

செங்காந்தள் சொன்ன சட்ட விளக்கம் சரி. ஆனால் ஆர்.வி. என்று சட்டம் சொல்வதால் எல்லா ஆர்.வி.யையும் ஏற்க வேண்டும் என்று ஆகாது.

உங்கள் கையில் இருக்கும் நியாயமெல்லாம் பணத்தில்தான். வண்டி வகை கேட்ட இடத்தில் பாப்-அப் என்ற தேர்வே இல்லை, பணம் கட்டும்வரை விதியைக் காட்டவும் இல்லை என்றால், அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தையும் கேட்டு எழுதுங்கள். கடுமை வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

---

சீசன்_வேலைக்காரர்

நான் இந்த வேலியின் அந்தப் பக்கத்தில் நின்றவன். ரிட்டயர் ஆனதும் நானும் என் வீட்டம்மாவும் 2 குளிர்காலம் தெற்கே ஒரு தனியார் ஆர்.வி. பார்க்கில் வேலை பார்த்தோம். தங்க இடம் இலவசம், வாரத்துக்கு இத்தனை மணி ஆபீஸ், இத்தனை மணி தோட்டம் என்று ஒப்பந்தம். நானே இரண்டு பாப்-அப் குடும்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் நினைவிருக்கின்றன. அதனால் தெரிந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பார்க்கில் பொதுக் கழிப்பறை கிடையாது, குளியலறையும் கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் கழிவுநீர்க் குழாய் மட்டும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். பல மாநிலங்களின் சுகாதார விதிகளில் வண்டிகளை இரண்டாகப் பிரிப்பார்கள். கழிப்பறையும் தொட்டியும் தன்னிடமே உள்ளது ஒன்று. வெளிக் கழிப்பறையை நம்பியிருப்பது இன்னொன்று. பொதுக் கழிப்பறை கட்டாத பார்க்கில் இரண்டாவது வகையை விட்டால் சுகாதாரத் துறையிடம் முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான பாப்-அப்களில் நிலையாகப் பொருத்திய பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவுத் தொட்டி) கிடையாது. கையில் தூக்கிப்போகும் சின்னப் பெட்டிக் கழிப்பறைதான். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? எங்கள் இடத்தில் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக வேலிப்பக்கத்துப் புதரில் கொட்டிவிட்டுப் போனார். காலையில் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனவன் நான்.

அடுத்தது பாத்திரம் கழுவும் தண்ணீர். ஆஸ்டின்வாசி, உங்கள் பாப்-அப்பின் சிங்க் தண்ணீர் எங்கே போகிறது? பக்கவாட்டில் தோட்டக் குழாய் அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும், அதன் வழியாக வெளியே வரும். அதற்குக் கீழே வாளி வைத்து, நிரம்பியதும் கழிவுக் குழாயில் ஊற்றுபவர்கள் நிறையப் பேர். வைக்காமல் அப்படியே மண்ணில் விடுபவர்கள் சிலர். அந்தச் சிலர்தான் மற்றவர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் ஈ மொய்க்கும். பக்கத்து இடத்தில் 4 மாத வாடகை கட்டியவர் ஆபீஸுக்கு வந்து நிற்பார்.

சரி, 10 வருட விதி. அதற்குச் சுத்தம், சுகாதாரம் என்று சொல்லிப் பூச நான் தயாராக இல்லை. எங்கள் முதலாளி வாய்விட்டே சொன்னார், பழைய வண்டியில் வருபவர்கள் போகாமல் அங்கேயே தங்கிவிடுவார்கள், வாடகை நின்றால் வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதை அப்புறப்படுத்துவது என் தலையில் விழும் என்று. மாத வாடகைக்காரர்கள் விஷயத்தில் அந்தப் பயம் வீண் பயமில்லை. ஆனால் 2 இரவு தங்க வரும் குடும்பம் பாப்-அப்பை விட்டுவிட்டா போகும்? அதை வாடகைக்காரர்களுக்கு மட்டும் வைத்திருக்கலாம். நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. பழைய வண்டியாக இருந்தாலும் படம் அனுப்பினால் சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், எங்கள் பார்க்கிலும் நன்றாகப் பராமரித்த வண்டிகளுக்கு விலக்கு கொடுத்தோம். பாப்-அப்புக்கு மட்டும் கொடுக்கவில்லை.

---

செங்காந்தள்

ஐயா, உள்ளே இருந்தவர் இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. கழிவுநீர் விஷயத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்குச் சொன்ன காரணம் அதுவல்ல. "கரண்ட் அதிகம் இழுக்கும், துணி வழியாக ஏ.சி. காற்று எல்லாம் வெளியே போய்விடும்" என்றார்கள்.

கணக்குப் போடுங்கள். எங்கள் பாப்-அப்பின் இணைப்பு 30 ஆம்ப். 120 வோல்ட்டில் அதிகபட்சம் 3,600 வாட், அதற்குமேல் பிரேக்கர் விடாது. ஒரே ஒரு ஏ.சி. எங்களுக்கு அடுத்த இடத்தில் நின்ற ஃபிஃப்த் வீலில் 50 ஆம்ப் இணைப்பு. அது இரண்டு லைன், மொத்தம் 12,000 வாட். கூரையில் 2 ஏ.சி., உள்ளே வாஷிங் மெஷின். இருவருக்கும் ஒரே வாடகை. கேன்வாஸ் வழியாகக் குளிர்ச்சி வீணாகிறது என்பது உண்மைதான், எங்கள் ஏ.சி. மதியம் முழுக்க நிற்காமல் ஓடும். ஓடினாலும் அந்த ஒரு ஏ.சி. இழுப்பதைத்தானே இழுக்கும்?

காரணத்தைச் சரியாகச் சொல்லும் இடத்தை நான் மதிக்கிறேன். கரடி என்றால் கரடி, கழிப்பறை என்றால் கழிப்பறை. பார்க்க அழகாக இல்லை என்பதுதான் காரணமென்றால் அதையும் புக்கிங் பக்கத்தில் முதல் வரியிலேயே எழுதட்டும். நாங்கள் வர மாட்டோம்.

---

சீசன்_வேலைக்காரர்

அம்மா, கரண்ட் கணக்கில் உங்கள் பக்கம்தான் நியாயம். எங்கள் பார்க்கில் அந்தக் காரணத்தை யாரும் சொன்னதில்லை.

---

கால்கரி_பனி

கனடாவிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன், இந்த இழைக்கு அவசியம் என்று நினைக்கிறேன்.

பான்ஃப் தேசியப் பூங்காவில் லேக் லூயிஸ் இருக்கிறதே, அது சரியான கிரிஸ்லி பகுதி. அங்கே கேம்ப்கிரவுண்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கெட்டிச்சுவர் வண்டிகளுக்கு ஒன்று, அது வருடம் முழுவதும் திறந்திருக்கும். கூடாரம், பாப்-அப் போன்ற துணிச்சுவர்களுக்கு இன்னொன்று. துணிச்சுவர் பக்கத்தைச் சுற்றி மின்வேலி போட்டிருக்கிறார்கள். கரடியை வெளியே நிறுத்திவிட்டு மனிதர்களை உள்ளே வைக்கும் வேலி.

நாங்கள் பாப்-அப்பில் 3 இரவு அங்கே தங்கினோம். வண்டி உள்ளே போகும் இடத்தில் தரையில் கம்பிகள் பதித்திருக்கும், அதன்மேல் ஏற்றிப் போக வேண்டும். என் மகனுக்கு அப்போது 6 வயது. வேலியைத் தொடக் கூடாது என்று நான் சொல்லச் சொல்ல, "அப்பா, நாம கூண்டுக்குள்ள இருக்கோமா, கரடி கூண்டுக்குள்ள இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கரடியும் பாப்-அப்பும் ஒரே ஊரில் இருக்கலாம். வேலி போட்டுப் பராமரிக்க மனமும் பணமும் வேண்டும், அவ்வளவுதான். எல்லாப் பார்க்கும் செய்ய முடியாது என்பது தெரியும். ஆனால் "வேறு வழியே இல்லை" என்று யாராவது சொன்னால் லேக் லூயிஸைக் காட்டுவேன்.

---

யூமா_வெயில்

கழிப்பறைக்கும் அதே மாதிரி ஒரு உதாரணம் உண்டு. அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் பக்கத்தில் லா போசா என்று மத்திய அரசின் நிலமேலாண்மைத் துறை நடத்தும் நீண்டகாலத் தங்குமிடம் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீசன். அங்கே விதி என்ன தெரியுமா? வண்டியில் நிலையாகப் பொருத்திய குறைந்தது 10 கேலன் கழிவுநீர்த் தொட்டி இருக்க வேண்டும். இல்லாதவர்கள் கழிப்பறையிலிருந்து 500 அடிக்குள் தங்க வேண்டும்.

வெளியே போ என்று சொல்லவில்லை பாருங்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் இரு என்கிறார்கள். நாங்கள் பாப்-அப்பில் போய் அப்படித்தான் இருந்தோம். நடுராத்திரியில் கதவு சத்தம் கேட்கும். சகித்துக்கொள்ளலாம்.

---

லேன்சிங்_லட்சுமி

டிஸ்னியைச் சொல்ல மறந்துவிட்டீர்களே எல்லோரும். புளோரிடாவில் ஃபோர்ட் வில்டர்னஸ் 1971-இலிருந்து நடக்கிறது. விலையெல்லாம் ரிசார்ட் விலைதான். அங்கே "கூடாரம் அல்லது பாப்-அப்" என்றே ஒரு வகை வைத்து இடம் கொடுக்கிறார்கள். பக்கத்து வரிசையில் பளபளவென்று பெரிய மோட்டார் ஹோம் நிற்கும், எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் சைக்கிள் ஓட்டினார்கள். பாப்-அப் வந்தால் இடத்தின் மதிப்பு குறையும் என்பவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

---

முன்னாள்_மடக்குவண்டி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். 6 வருடம் பாப்-அப் வைத்திருந்து போன வருடம் விற்றுவிட்டேன். பெரிய பார்க்குகளில் இடங்கள் நெருக்கமாக இருக்கும். கேன்வாஸ் வழியாக எல்லாச் சத்தமும் கேட்கும், நம் சத்தமும் வெளியே போகும். எங்கள் கைக்குழந்தை ராத்திரி 2 மணிக்கு அழுதால் நான்கு வண்டிகளில் விளக்கு எரியும். மறுநாள் காலை யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். அவர்களும் பணம் கட்டித்தானே வந்திருக்கிறார்கள்? அந்தப் பார்க்குகள் வண்டிகள் நெருக்கி நிற்பதற்காகக் கட்டியவை. நம் வண்டிக்கு மரமும் இடைவெளியும் உள்ள இடம்தான் பொருந்தும். என்னை யாரும் தடுக்கவில்லை, நானாகவே அந்த மாதிரிப் பார்க்குகளுக்குப் போவதை நிறுத்தினேன்.

---

கூடாரக்காரன்

இது நல்ல பார்வை. நானும் தனியார் பார்க்கை வழியில் ஒரு இரவு தூங்கத்தான் பயன்படுத்துகிறேன்.

புக் பண்ணும் முன்பு போன் பண்ணிப் பேசிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "ட்ரெய்லர் கொண்டுவரலாமா?" என்று கேட்டால் "வாங்க" என்பார்கள். "கேன்வாஸ் சுவர் உள்ள பாப்-அப், 2004 மாடல், பிளாக் டேங்க் இல்லை, வாளி வைத்திருக்கிறோம்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். சரி என்றால், அதையே மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். போனில் பேசியவர் நீங்கள் போகும் நாளில் டியூட்டியில் இருக்க மாட்டார். கே.ஓ.ஏ. (நாடு முழுக்கக் கிளைகள் உள்ள தனியார் கேம்ப்கிரவுண்ட் நிறுவனம்) போர்டு பார்த்தாலும் இதே கதைதான். பெரும்பாலும் பாப்-அப்பை எடுப்பார்கள், ஆனால் அவற்றில் பல தனித்தனி முதலாளிகள் நடத்துபவை, இடத்துக்கு இடம் விதி மாறலாம்.

கேன்வாஸ் படுக்கையோடு கெட்டிச்சுவர் உடம்பும் உள்ள ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள், மேலே துணி உயரும் டிரக் கேம்பர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். துணி எவ்வளவு குறைவாக இருந்தாலும் துணிதான். முக்கோணக் கூரைபோல மடங்கும் ஏ-ஃபிரேம் வண்டிக்குச் சுவர் கெட்டிதான், ஆனாலும் வாசலில் இருப்பவர் அதைப் "பாப்-அப்" என்று எழுதிவிட்டால் தகராறு. முதலிலேயே படம் அனுப்பிவிடுங்கள்.

ஆஸ்டின்வாசி, உங்கள் அத்தையும் வருவதாக இருந்தால் சமையலைப் பற்றி ஒன்று. தாளிப்பு, பொரியல் எல்லாம் வெளியே மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை என் அக்கா மழைக்குப் பயந்து வண்டிக்குள்ளேயே பூண்டுக் குழம்பு வைத்தார். கேன்வாஸ் அந்த வாசனையைக் குடித்துவிட்டது. வெயிலில் காய வைத்தேன், சோப்புத் தண்ணீரில் துடைத்தேன், அடுத்த சீசன் வரை போகவில்லை. நம் மூக்குக்கே எட்டினால் கரடியின் மூக்குக்குக் கேட்கவே வேண்டாம். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கெட்டிச்சுவர் ஆர்.வி. என்றால் ஜன்னலை மூடிவிட்டு உணவை உள்ளே வைத்துக்கொள்ளலாம், பாப்-அப்பில் கூடாது. எல்லாம் அங்கே கரடி திறக்க முடியாதபடி வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். அந்தப் பெட்டி 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், ஆனால் உயரம் 18 அங்குலம்தான். உயரமான கூலர் வாங்கிவிட்டு உள்ளே போகாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பற்பசை, சோப்பு, ஊறுகாய் பாட்டில் எல்லாம் அதில் சேரும்.

---

ஆஸ்டின்வாசி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பாலாற்றங்கரை சொன்னபடி அந்தப் பார்க்குக்கு எழுதினேன். வண்டி வகைத் தேர்வில் பாப்-அப் இல்லாத படம், பணம் கட்டிய ரசீது இரண்டையும் இணைத்தேன். 4 நாள் கழித்து மீதிப் பணம் வந்துவிட்டது. இப்போது அவர்கள் புக்கிங் பக்கத்தில், பாப்-அப் ஏற்பதில்லை என்று ஒரு வரி மேலேயே சேர்த்திருக்கிறார்கள். விதி மாறவில்லை. ஆனால் இனி ஒரு குடும்பம் இரவு 8 மணிக்கு அங்கே போய் நிற்காது. எனக்கு அது போதும்.

சீசன்_வேலைக்காரர் ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்துபோய் என் வண்டியின் பக்கவாட்டைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன துவாரம் அப்படியே இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், கடந்த இரண்டு பயணத்திலும் தண்ணீரை மண்ணில்தான் விட்டிருக்கிறேன். தெரியவில்லை. மூடியுள்ள 6 கேலன் பிளாஸ்டிக் கேன் ஒன்று வாங்கி, குழாயும் பொருத்திவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்க்ஸ் லேக்கில் யாரோ விட்ட ஒரு இடம் ஒரு இரவுக்குக் கிடைத்தது. அத்தைதான் கிராங்க் சுற்றினார். "கிணத்துல தண்ணி எறைச்ச கைதான், விடுங்க மாப்ளே" என்று என்னைத் தள்ளிவிட்டு அவரே கூரையை ஏற்றினார். பக்கத்து இடத்துக்காரர்கள் கைதட்டினார்கள்.

மேடிசனில் ஜூன் 14 முதல் 3 இரவு கிடைத்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி மீதி இருக்கிறது. ஹூக்கப் இல்லை, இடம் 6,800 அடி உயரம். கேன்வாஸுக்குள் ராத்திரி ஹீட்டர் ஓட பேட்டரி தாங்குமா?

---

கூடாரக்காரன்

ஜூனிலும் அங்கே இரவில் உறைபனி விழும், அதனால் நல்ல கேள்வி. ஹீட்டர் எரிவது புரொப்பேனில், ஆனால் காற்றாடி பேட்டரியில்தான் ஓடும். பழைய பேட்டரி என்றால் விடியும் முன்பே படுத்துவிடும். கிளம்பும் முன்பு வீட்டு வாசலில் ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பாருங்கள். மேடிசனில் ஜெனரேட்டர் காலை 8 முதல் இரவு 8 வரை ஓட்டலாம், அந்த நேரத்தில் பேட்டரியை ஏற்றிக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்துவிட்டு, படுக்கையின் மெத்தைக்கு அடியில் ஒரு கம்பளி விரியுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்குக் கீழே வெறும் காற்றுதான், குளிர் அங்கிருந்துதான் ஏறும்.